கதவோரச் சட்டம்

புதுமனை புகுவிழாவுக்கு வரும் விருந்தினர் வாசற்கதவின் முன் நின்று வியப்பது வழக்கம். கதவின் கனம் என்ன, தேக்கு எந்நாட்டது, பூட்டு எவ்வூரில் செய்தது என்றெல்லாம் வினவுவர். அதே வீட்டின் உள்ளறைக் கதவுகளைச் சுற்றி, நிலைக்கும் சுவருக்கும் இடையே, இரண்டு அல்லது இரண்டரை அங்குல அகலத்தில் ஓடும் மெல்லிய மரச்சட்டத்தைப் பற்றி வினவியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. தச்சர்கள் அதனைப் ‘பீடிங்’ என்று வழங்குகிறார்கள். அது சுமையைத் தாங்குவதன்று, கதவைச் சுழற்றுவதன்று, திருடனைத் தடுப்பதுமன்று. அதன் வேலை ஒன்றே. நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடுவது.

மூடுவது என்னும் அந்த ஒரு செயலைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறேன். மூடுவதில் இருவகை உண்டு. மானத்தைக் காக்க மூடுவது ஒன்று. மோசத்தைக் காக்க மூடுவது மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே தோற்றம் உடையவை. ஒரே மரம், ஒரே வர்ணம், ஒரே பளபளப்பு. உள்ளே இருப்பது எது என்பதை இறைவன் அறிவான். அச்சட்டத்தை அறைந்த தச்சரும் அறிவார்.

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இச்சட்டத்துக்கு வேலையே இருந்ததில்லை. சுவர் எழும்புமுன்னரே நிலையை நிறுத்திவிடுவர். ‘நிலை வைத்தல்’ என்பது அக்காலத்தில் ஒரு வைபவம். இந்து அன்பர்கள் நாள் பார்த்துப் பூசை செய்வர். நம் இல்லங்களில் பாத்திஹா ஓதிச் சர்க்கரை வழங்குவர். பின்னர் நிலையின் இருபுறத்தும் செங்கல் நெருங்கி எழும். சுண்ணாம்புச் சாந்து நிலைமரத்தோடு ஒட்டி இறுகும். நிலைமரமும் அக்காலத்தில் நல்ல கனம் உடையது. ரங்கூனிலும் மௌல்மீனிலும் வாணிகம் செய்த தமிழர்கள், முஸ்லிம்களும் நகரத்தாருமாக, பர்மாத் தேக்கின் அருமையைக் கண்ணாரக் கண்டவர்கள். அத்தேக்கில் இழைத்த நிலைகள் தலைமுறை தலைமுறையாக அசையாமல் நின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவுக்குச் செல்வோர் அங்குள்ள செட்டிநாட்டு வீட்டின் முன் நின்று பார்க்கலாம். அத்தகைய வீட்டில் நிலையே அலங்காரம்; அதன் ஓரத்தை மூட வேறொரு சட்டம் தேவைப்படவில்லை.

தென்சென்னைப் புறநகரின் கதை வேறு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் ஆண்டு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவற்றின் பின்னே தோட்டம் சூழ்ந்த ஓட்டு வீடுகள் எழுந்தன, பின்னர் மொட்டைமாடி வீடுகள், இப்போது அடுக்ககங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டு 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஏரிக்கரைகளும் வயல்களும் இருந்த இடங்களில் ஐந்து மாடி, பத்து மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

இக்கட்டடங்களில் முதலில் காங்கிரீட்டுத் தூண்கள் எழும்புகின்றன, பிறகு சுவர், அதன்பின் பூச்சு, பெரும்பாலான இடங்களில் உள்ளறை நிலைகள் கடைசியாகவே வந்து பொருந்துகின்றன. பின்னால் வரும் நிலை நுழைய வேண்டுமாதலின், சுவரில் விடும் வாயில் அரை அங்குலமாவது பெரிதாக இருந்தே தீரும். ஆகவே சுற்றிலும் இடைவெளி. ஆகவே அதை மூடச் சட்டம்.

இதில் தச்சரின் குற்றம் ஏதுமில்லை. மரம் உயிர் நீத்த பின்னும் மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் அது நீரை உறிஞ்சி உப்பும். சித்திரை, வைகாசி வெயிலில் உலர்ந்து சுருங்கும். நீளவாட்டில் அதன் அசைவு மிகச் சொற்பம். குறுக்குவாட்டிலோ நன்றாகவே அசையும். செங்கல்லும் சிமெண்டும் அவ்வாறு அசைவதில்லை. அசைவதும் அசையாததும் கூடும் இடத்தில் விரிசல் காணுவது இயற்கை. அந்த விரிசலை மெல்லிய சட்டத்தால் மூடுவது, மனிதன் ஆடையால் மேனியை மூடுவது போன்றது. அது பொய்யன்று, நாகரிகம்.

ஆனால், அந்த ஆடைக்குள் எதை ஒளிப்பது என்பதற்கு எல்லை இல்லை என்று கருதுவோரும் உளர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளின் மழையைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று காலை தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணிக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறு கரை மீற, முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் நின்றன. எங்கள் குடும்பம் அப்போது முடிச்சூர்ச் சாலையை ஒட்டிய அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்தில் குடியிருந்தது. இரவில் நீர் முழங்கால் அளவு ஏறிவிட்டது. எண்பது வயதைக் கடந்த என் மாமியார் உள்ளறையில் படுத்திருந்தார். அவரை எழுப்பிக் கூட்டிவரச் சென்றபோது கதவு திறக்கவில்லை. கீல் பொருந்திய பக்கத்து நிலைக்கால் அடியில் நகர்ந்து, கதவு சரிந்து, எதிர்ப்பக்கத்து நிலையைக் கவ்விக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர் கலிமாச் சொல்லும் குரல் கேட்டது.

மேல்வீட்டு இளைஞர் இருவர் கடப்பாரையுடன் ஓடிவந்தனர். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் இந்து. நெம்பிய வேகத்தில் கதவு மட்டும் வரவில்லை. நிலையே சுவரை விட்டுப் பெயர்ந்து வந்தது. மாமியாரை அவர்கள் தோளில் சுமந்து மாடிக்குக் கொண்டு சென்றார்கள். இறையருளால் ஒரு தீங்கும் நேரவில்லை.

நீர் வடிந்த பின் பெயர்ந்த இடத்தைப் பார்த்தோம். அழகாக வர்ணம் தீட்டியிருந்த அந்தச் சட்டத்தின் பின்னால், சிமெண்டுக் கலவை இறுகியிருக்க வேண்டிய இடத்தில், சுருட்டித் திணித்த செய்தித்தாள்களும் செங்கற்சில்லுகளும் இருந்தன. நிலையின் ஒவ்வொரு புறத்தும் மூன்று இரும்புப் பட்டைகள் சுவருக்குள் புதைந்து பிடித்திருக்க வேண்டும். தச்சர்கள் அவற்றை ‘ஹோல்டுபாஸ்டு’ என்பர். எங்கள் நிலையில் அவை ஒன்றுமில்லை. இருபுறத்தும் இரண்டிரண்டு திருகாணிகளே அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. கதவின் ஒட்டுப்பலகையும் அடிப்பக்கத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. ஈரத்துக்கு ஆற்றாத யூரியாப் பசையில் ஒட்டிய பலகை அது. கொதிநீரிலும் விடாத பினாலிக் பசையில் ஒட்டிய பலகை சற்றே விலை கூடியது. மேலே வர்ணம் பூசிவிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அந்த வீட்டைக் கட்டியவர் இன்னார் என்று இங்கே எழுதுவதில் பயனில்லை. ஒருவரைக் குறை கூறுவது என் நோக்கமும் அன்று. அச்சட்டம் ஏழு ஆண்டுகள் எங்கள் கண்ணெதிரே எதை மறைத்துக்கொண்டு நின்றது என்பதே என் சிந்தனையைக் கிளறியது.

தை மாதத்தில் அந்த நிலைகளைப் புதுக்க ஓர் ஆசாரியார் வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்தவர், அறுபதை நெருங்கியவர். உடன் ஓர் இளைஞர். உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூரிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளை. ஆசாரியார் தம் கோணிப்பையை அவிழ்த்து, ஒரு பழந்துணியை விரித்து, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் வெளிவந்தவை தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் ஆகிய மூன்றும். வாளும் உளியும் பைக்குள்ளேயே கிடந்தன. “வேலையை எப்போது தொடங்குவீர்கள், ஆசாரியாரே?” என்று கேட்டேன்.

“வெட்டுற சாமான் அப்புறம், பாய். மொதல்ல சாட்சி சொல்ற சாமான்” என்றார்.

அவர் கூறியது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதை அடுத்த சில நாட்களில் கண்டேன். தூக்குக்குண்டு என்பது நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு. நூலின் மேல்முனையில் குண்டின் அகலமே உடைய சிறு கட்டை ஒன்று உண்டு. அக்கட்டையை நிலைக்காலின் தலையில் அணைத்துப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால், குண்டு அடியில் மரத்தை முத்தமிட்டாற்போல் தொட வேண்டும். விலகி நின்றாலும் குற்றம். மரத்தில் சாய்ந்து நின்றாலும் குற்றம். முகப்பில் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என ஒவ்வொரு காலுக்கும் இருமுறை பார்த்தார். பிறகு ரசமட்டத்தை மேற்சட்டத்தின்மீது வைத்து, குமிழி நடுக்கோட்டில் நிற்கிறதா எனப் பார்த்தார். அதையே இடவலம் திருப்பி வைத்து மறுமுறையும் பார்த்தார். மட்டப்பலகையே கோணலாக இருந்தால் திருப்பி வைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடுமாம். சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யும் இந்நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ரசமட்டத்தின் கண்ணாடிக்குள் இருப்பது பாதரசம் அன்று. சாராய வகைத் திரவமே. குமிழி மட்டத்தைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெவெனோ 1661-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மட்டம் பார்க்கும் கருவிகளை விரிவாக எழுதிய கணித மேதை ஒருவர் நம்மிடையே இருந்தார். நிலத்தடி நீரை வெளிக்கொணரும் கலை பற்றி நூல் இயற்றிய அல்கரஜியே அவர். நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மண்ணுக்கடியில் கொண்டு செல்ல வேண்டுமாயின் மட்டம் சிறிதும் பிசகலாகாது அன்றோ! வானத்தை உயர்த்தித் தராசையும் நிலைநாட்டியதாகத் திருமறையின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தில் இறைவன் நமக்கு நினைவூட்டுகின்றான். தராசு கடைத்தட்டில் மட்டும் இருப்பதன்று. தச்சரின் நூலிலும் கொத்தரின் குமிழியிலும் அதே தராசு தொங்குகிறது.

மூலைமட்டத்தால் மூலைகளைச் சோதித்த பின், ஆசாரியார் ஒரு நூலைப் பிடித்து மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருந்தால் நிலை கோணவில்லை என்பது பொருள். பின்னரே எதிரெதிராக ஆப்புகளை அறைந்து நிலையை நிறுத்தி, இரும்புப் பட்டைகளைச் சுவருக்குள் காங்கிரீட்டில் புதைத்தார். இடைவெளியில் காகிதத்துக்குப் பதிலாகக் கலவையைக் குத்திக் குத்தி நிரப்பினார். “இதுக்கு ஒரு வாரம் தண்ணி காட்டுங்க, காய்ஞ்சப்புறம் பீடிங் அறைய வரேன்” என்று சொல்லிச் சென்றுவிட்டார். ஈரச் சுவரின்மேல் சட்டத்தை அறைந்தால், உள்ளே அடைபட்ட ஈரம் மரத்தைக் கோணச் செய்துவிடும் என்பது காரணம்.

சொன்ன நாளில் வந்தார். அன்றுதான் வெட்டும் கருவிகள் பையை விட்டு வெளியே வந்தன. கோடு கீறும் கட்டையால் நிலையின் ஓரத்திலிருந்து ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிச் சுற்றிலும் மெல்லிய கோடு கீறினார். சட்டம் நிலையின் விளிம்போடு விளிம்பாக நின்றால், மரத்தின் சிறு அசைவும் கோணலாகத் தெரியும். ஒரு நூல் விட்டு அறைந்தால் கண் அதை ஒரு வரையாகவே கொள்ளும், அசைவு தெரியாது. கீலும் சட்டத்தில் இடிக்காது. மனிதர்கள் ஒருவரோடொருவர் வாழ்வதிலும் இப்படி ஒரு நூல் விட்டு நிற்பது நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.

நெட்டுச் சட்டத்தின் நீளத்தை அவர் நாடாவால் அளக்கவில்லை. சட்டத்தையே இடத்தில் நிறுத்தி, கூரிய கத்திமுனையால் மரத்தில் குறியிட்டார். பென்சில் கோட்டுக்கும் ஒரு கனம் உண்டு; கத்திக் கோட்டுக்கு அது இல்லை. மூன்று பலகைகளால் ஆன சிறு தொட்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் இரு பக்கப் பலகைகளிலும் 45 பாகைச் சாய்வில் வாள் ஓடுவதற்குப் பிளவு உண்டு. சட்டத்தை அதனுள் படுக்கவைத்து, முதுகில் பித்தளைப் பட்டை கொண்ட சிறுவாளால் அறுத்தார். இரண்டு சாய்வெட்டுகளும் மேல்மூலையில் கூடியபோது, முகப்பில் தலைமயிர் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது.

“நாற்பத்தஞ்சு புஸ்தகத்துல இருக்கு, பாய், செவுத்துல இல்ல” என்று நகைத்தார். சுவரின் பூச்சு எந்த இடத்திலும் முற்றிலும் சமமாக இருப்பதில்லை; மூலையும் சரியான செங்கோணமாக அமைவதில்லை. அமைந்துள்ள கோணம் எதுவோ அதில் பாதியே வெட்டு. சிறிய இழைப்புளியை எடுத்து, வெட்டுமுகத்தின் பின்பக்கத்தில் மட்டும் இரண்டு சுருள் சீவினார். முகப்பு ஒன்றையொன்று கவ்விக்கொண்டது. சுவர் புடைத்திருந்த ஓரிடத்தில் சட்டத்தை அழுத்தி அறையாமல், அதன் முதுகை உளியால் சிறிது குடைந்து, புடைப்புக்கு இடம் கொடுத்தார். அழுத்தி அறைந்த சட்டம் ஒரு மழைக்காலத்தில் விலகிவிடும். இடம் கொடுத்து அறைந்தது நிலைக்கும்.

ஆணி அறைவதிலும் ஒரு நுட்பம் கண்டேன். மெல்லிய ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிய பிறகே மரத்தில் இறக்கினார். கூரான ஆணி மரத்தின் நாரை இருபுறமும் விலக்கிக்கொண்டு செல்வதால் சட்டம் பிளக்கும். மழுங்கிய முனை நாரை அறுத்துக்கொண்டு நேரே இறங்கும். உள்வரிசை ஆணிகள் நிலைமரத்தில். வெளிவரிசை ஆணிகள் சுவருக்குள் முன்னரே பதித்த மரக்குச்சிகளில். கடைசியில் சிறு இரும்பு முளையால் ஆணித்தலைகளை மரத்துக்குள் இறக்கி, மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். இடையிடையே சஹாரன்பூர்ப் பிள்ளை உளிகளைக் கல்லில் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழுங்கிய உளிதான் கையை வெட்டும் என்பது ஆசாரியார் அவருக்குக் கற்பித்த முதல் பாடமாம். கூரிய உளி சொன்னபடி செல்லும். மழுங்கியதை அழுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கிவிடும்.

கருவிகளின்மேல் இவ்வாறு ஏற்பட்ட ஆவல் பின்னர் என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இழுத்துச் சென்றது. ஜும்ஆ தொழுகை முடிந்து செல்வேன். பழைய நாற்காலி, கடிகாரம், பாத்திரம், செடி, கோழி என்று எதுவும் விற்கும் அச்சந்தையின் ஓரங்களில், சாக்கை விரித்துப் பழைய தச்சுக்கருவிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளங்கை பட்டுப் பட்டுக் குழிந்த மரப்பிடி உளிகள். ஷெஃபீல்டு என்று பொறித்த துருவேறிய இரும்புகள். புளியமரத்தில் செய்த கொட்டாப்புளிகள். வாய் தேய்ந்த மர இழைப்புளிகள். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் பெய்லி என்பாரின் உரிமைகளை வாங்கிப் பரப்பிய இரும்பு இழைப்புளியும் சிலநாள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் குடும்பத்துக்குச் சோறு போட்ட கருவி. மகன் அத்தொழிலுக்கு வரவில்லை. ஆகவே கருவி சந்தைக்கு வந்துவிட்டது.

பல்லாவரத்துக்கும் தச்சுத் தொழிலுக்கும் வேறோர் உறவும் உண்டு. பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் நம் சமுதாயத்தவர் பலர் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். தோலில் கழித்த துண்டுகளைக் கொதிக்கவைத்து இறுக்கியதே ‘வச்சிரம்’ என்னும் பசை. அதை அடுப்பில் இளக்கிச் சூடாகத் தடவினால் மரமும் மரமும் ஒட்டும். 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு அடுப்பும் வச்சிரச் சட்டியும் தச்சுப் பட்டறையை விட்டு மறைந்தன. வசதி பெருகியதில் ஐயமில்லை. ஆனால் பசை வலுத்ததும், கழுந்தும் துளையும் நுட்பமாகப் பொருந்த வேண்டுமே என்னும் கவலை பலருக்குக் குறைந்துவிட்டது. பொருந்தாததைப் பசை பிடித்துக்கொள்ளும். பசையும் பிடிக்காததைச் சட்டம் மறைத்துக்கொள்ளும்!

நம் மார்க்கத்தில் தச்சுத் தொழிலுக்கு உள்ள மதிப்பை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நபி நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கட்டளைப்படி மரக்கலம் சமைத்தார்கள். அதைப் பலகைகளும் ஆணிகளும் கொண்டதெனத் திருமறை குறிப்பிடுகின்றது. ஊரார் எள்ளி நகையாட, அவர்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத்தண்டு ஒன்றில் சாய்ந்து உரை நிகழ்த்தி வந்தார்கள். அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் தச்சு வேலை அறிந்த தம் பணியாளைக் கொண்டு, காட்டில் வளர்ந்த அதல் மரத்தால், மூன்று படிகளுள்ள மிம்பரைச் செய்வித்து அனுப்பினார். கைவிடப்பட்ட தண்டு விம்மியதையும், நாயகம் (ஸல்) அவர்கள் இறங்கி வந்து அதனை அணைத்து ஆறுதல் அளித்ததையும் நாம் மீலாது மேடைகளில் உருக்கத்தோடு கேட்கிறோம். அம்மிம்பரை இழைத்த கைகளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

மறைப்பதைப் பற்றியும் அவ்வாழ்வில் தெளிவான வழிகாட்டல் உண்டு. கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபியவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் கருத்தை உரைத்தார்கள். மழை பெய்தது அவ்வணிகரின் குற்றமன்று, நனைந்ததும் குற்றமன்று, உலர்ந்ததால் அதை மூடியதே குற்றம். அதே மார்க்கம், சகோதரனின் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறுமையில் மறைப்பான் என்றும் போதிக்கிறது. இரண்டும் முரண் அல்ல. பிறருடைய மானம் கெடாமல் மூடுவது கருணை. பிறரை நட்டத்தில் தள்ள மூடுவது வஞ்சனை. மரத்தின் அசைவால் எழும் விரிசலை மூடும் சட்டம் முதல் வகை. செய்தித்தாள் சுருட்டை மூடும் சட்டம் இரண்டாம் வகை.

மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத தச்சுவேலைக்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. சுல்தான் நூருத்தீன் ஸன்கி அலெப்போ நகரத் தச்சர்களைக் கொண்டு 1168-ஆம் ஆண்டளவில் ஒரு மிம்பரைச் செய்யத் தொடங்கினார். 1187-இல் ஜெரூசலம் மீண்டபின் சுல்தான் ஸலாஹுத்தீன் அதனைக் கொணர்ந்து அல்அக்ஸாப் பள்ளியில் நிறுவினார். ஆயிரக்கணக்கான சிறு மரத்துண்டுகள் ஆணியும் பசையும் இன்றி ஒன்றையொன்று கவ்வி நின்ற அற்புதம் அது. 1969 ஆகஸ்டு 21 அன்று ஒருவன் வைத்த தீயில் அது கருகியபோது உலக முஸ்லிம்கள் கலங்கினர். அதே போன்ற ஒன்றை மீண்டும் செய்ய முனைந்தவர்களுக்குப் பணத்தைவிட அருமையாய் இருந்தது அக்கைத்திறனே. ஜோர்தானில் பல நாட்டுக் கைவினைஞர்கள் கூடி, பழைய முறையை ஆராய்ந்து கற்று, வேலையை நிறைவேற்றினர். 2007-இல்தான் புதிய மிம்பர் அல்அக்ஸாவில் இடம்பெற்றது. எரிந்தது ஒரு நாளில். மீண்டது 38 ஆண்டுகளில். பொருள் அழிந்தால் பணத்தால் மீட்கலாம். கைத்திறன் அழிந்தால் அதை மீட்க ஒரு தலைமுறை போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சஹாரன்பூர்ப் பிள்ளையிடம் ஒருநாள் அவருடைய பாட்டனாரைப் பற்றிக் கேட்டேன். மூன்று தலைமுறையாக மரவேலை என்றார். வடக்கே தச்சும் கொல்லும் செய்யும் முஸ்லிம் மக்கள் பெரும் சமுதாயமாக வாழ்கின்றனர். ‘சைஃபி’ என்னும் பெயரை அவர்கள் பெருமையோடு தாங்குகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று மேடவாக்கத்திலும் வண்டலூரிலும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் படுத்துறங்கி, நம் வீட்டுக் கதவுகளைப் பொருத்துகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் மரத்தூள் படிந்த சட்டையுடன் வந்து நிற்கிறார்கள். மொழி தெரியாததால் தொழுகை முடிந்ததும் பேசாமல் சென்றுவிடுகிறார்கள். ஸலாம் சொல்லி, ஊரைக் கேட்டு, ஒருவேளை உணவுக்கு அழைத்தவர் நம்மில் எத்தனை பேர்? உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கக் கற்பிக்கப்பெற்றவர்கள் நாம். இன்றைக்கு மேஸ்திரி, ஒப்பந்தக்காரர், கட்டுநர் என்று மூன்று கைகள் மாறிச் சேரும் கூலி அப்பிள்ளைகளை எப்போது எட்டுகிறது என்று கேட்பதும் நம் கடமையே.

நம் பிள்ளைகளுக்கும் இதில் செய்தி உண்டு. வாணிகம் நம் சமுதாயத்தின் பெருமை. கல்வி இன்று நம் நம்பிக்கை. இவை இரண்டுக்கும் நடுவே, கையால் உழைத்து உண்பதன் சிறப்பை நாம் மேடையில் மட்டும் பேசுகிறோம். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்று எடுத்துரைக்கும் தந்தை, தம் மகன் தச்சுத் தொழிற்பயிற்சியில் சேர விரும்பினால் முகம் சுளிக்கிறார். எல்லாரும் தச்சராக வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வீட்டில் வளரும் பிள்ளை தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவரின் நேர்மையைச் சோதிக்கக் கற்றிருந்தால், அப்பிள்ளையை ஏமாற்றுவது கடினம். அப்பிள்ளைக்குப் பிறரை ஏமாற்றுவதும் கடினம்.

வீடு கட்டும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரின் வர்ணத்தையும் தரையின் கல்லையும் தேர்ந்தெடுக்க நாம் பல நாட்கள் செலவிடுகிறோம். கதவோரச் சட்டம் அறையுமுன் ஒரு நாள் மட்டும் ஒதுக்குங்கள். அந்த இடைவெளியைத் திறந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். இரும்புப் பட்டைகள் எத்தனை என்று எண்ணுங்கள்; கலவை நிரம்பியுள்ளதா என விரலால் தட்டிப் பாருங்கள். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நபியின் உம்மத்து நாம். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல தச்சர் இதனால் வருந்த மாட்டார். தம் வேலையைக் கண்ணுள்ள ஒருவர் பார்க்க வந்தாரே என்று மகிழ்வார். அவருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். குறைத்த கூலியே பல இடங்களில் செய்தித்தாளாக மாறிச் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறது.

குறைகளை மறைப்பவன் என்று நாம் இறைவனை அழைக்கிறோம். அவன் நம்மிடமுள்ள இயல்பான விரிசல்களைத் தன் அருளால் மூடி வைப்பானாக. பிறரை வீழ்த்தும் வஞ்சனைகளை மூடி வைக்கும் துணிவை நம் கைகளுக்குத் தராதிருப்பானாக. ஆமீன்.